கேட்காமல் எழுதிய ஆறு வருஷம்

மைக் வேண்டும் என்று மருமகள் சபைக் கமிட்டிக்குக் கடிதம் கொடுத்த அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இது என்னைக் குறிவைத்து எறிந்த கல் என்று. மைக் மட்டும் கேட்டிருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன். கூடவே போதகரின் பேச்சை ரெக்கார்டும் செய்ய வேண்டுமாம். ‘வர முடியாதவர்களும் கேட்பதற்காக’ என்று எழுதியிருந்தாள். வர முடியாதவர்களுக்காகத்தான் நான் ஒருத்தன் இருக்கிறேனே.

எங்கள் சபை சின்னது. நூற்றிருபது குடும்பம், ஒரு கூடம், இரண்டு பக்கமும் பெஞ்சு. பெருமையாகச் சொல்லிக்கொள்ள அதிசயமோ சரித்திரமோ கிடையாது. ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. போதகர் பேசும்போது கூடத்துக்குள் பேனா எடுக்கக் கூடாது, காகிதம் எடுக்கக் கூடாது, எந்த மெஷினும் கூடாது. போதகருக்கும் அதே சட்டம்தான்; மனசில் வருவதைத்தான் அவர் பேச வேண்டும். சொல் வாயிலிருந்து காதுக்குப் போகட்டும், நடுவில் ஒன்றும் நிற்கக் கூடாது என்று சபையைத் தொடங்கியவர் சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். படுக்கையில் கிடப்பவர்களும் ஷிஃப்ட் வேலைக்காரர்களும் கைக்குழந்தைக்காரிகளும் என்ன செய்வார்கள்? அதற்கும் ஒரு வழி வைத்தார்கள். ஞாபகசக்தி உள்ள ஒருவர் கவனமாகக் கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய், அன்று மாலைக்குள் ஒரு பக்கம் எழுத வேண்டும். போதகர் அதைப் படித்துக் கையெழுத்துப் போட்டதும் நகலெடுத்து, வராதவர்கள் வீட்டுக்கு அனுப்புவார்கள். எழுதுகிறவருக்குக் குறிப்பாளர் என்று பெயர்.

பதினோரு வருஷமாக நான்தான் குறிப்பாளர். அதில் கடைசி ஆறு வருஷமாக எனக்குக் காது கேட்காது.

காரணம் ஒன்றும் பெரிதில்லை. நான் தகரப் பட்டறைக்காரன். புகைக்குழாய், தொட்டி மூடி, தபால் பெட்டி என்று நாற்பது வருஷம் விடிந்தால் அடைந்தால் தகரத்தின் தலையிலேயே சுத்தியலால் போட்டுக்கொண்டிருந்தால் காது கோபித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? முதலில் பறவைகள் நின்றன. பிறகு மனைவி ஒருவழியாகக் கத்துவதை நிறுத்திவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. யாராவது நேருக்கு நேர் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவேன். ஆனால் கூடத்தில் மேடைக்கும் எனக்கும் நடுவில் பன்னிரண்டு வரிசை. அங்கிருந்து பார்த்தால் போதகர் மீன்தொட்டிக்குள் இருக்கிற மாதிரி இருப்பார். முன்வரிசைக்குப் போகலாமே என்பீர்கள். எங்கள் சபையில் யாரும் இடம் மாறுவதில்லை. மாறினால் ஏன் என்று கேட்பார்கள். கேட்பதுதான் எனக்குக் கேட்காதே.

முதல் வாரம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அன்றைய தலைப்பை வாசல் பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். போதகர் இதைப் பற்றி என்ன பேசியிருப்பார் என்று யோசித்து எழுத உட்கார்ந்தேன். பாதிப் பக்கத்துக்குமேல், என்ன பேசியிருந்தால் நன்றாக இருக்கும் என்று எழுத ஆரம்பித்துவிட்டேன். கையெழுத்து விழுந்து வந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது வாரம் கொஞ்சம் துணிந்தேன்.

மனைவியிடம் கேட்டிருக்கலாம்தான். அவள் பெண்கள் பக்கத்தில் தூணோரமாக உட்காருவாள். ஆரம்ப ஜெபம் முடிந்ததும் கண்ணயர்ந்து, முடிவு ஜெபத்துக்குச் சரியாக விழித்துக்கொள்வாள். என்ன பேசினார் என்றால், மனசுக்கு நிம்மதியாக இருந்தது என்பாள். தூங்கி எழுந்தவளுக்கு நிம்மதிக்கு என்ன குறைச்சல்.

ஆக, ஆறு வருஷமாக எழுதிக்கொண்டே இருந்தேன். ‘பொறுமை’ என்று பலகையில் வந்த வாரம், அடி வாங்குகிறவளிடம் போய்ப் பொறுமையைக் கேட்காதே, அடிக்கிறவனிடம் கேள் என்று எழுதினேன். ‘சந்தேகம்’ வந்த வாரம், சந்தேகப்படுகிறவனைக் கடவுள் வாசலில் நிற்க வைப்பதில்லை, உள்ளே கூப்பிட்டு நாற்காலி போடுகிறார் என்று எழுதினேன். எழுதிவிட்டு நானே மெய்மறந்து, போதகர் எவ்வளவு பெரிய மனுஷன் என்று நினைத்துக்கொள்வேன்.

இதில் வேடிக்கை, சபையில் எனக்குப் பழமையின் காவலன் என்று பெயர். கூடத்துக்கு மின்விசிறி வந்தபோது எதிர்த்தேன். சுவருக்கு வேறு நிறம் அடிக்கலாம் என்றபோது எதிர்த்தேன். பெண்கள் மேடையில் வாசிக்கலாமா என்ற பேச்சு வந்தபோது, என்ன பேச்சு என்றே தெரியாமல் பொதுவாக எதிர்த்தேன். ஒரு புதுசு உள்ளே வந்தால் அதன் பின்னாலேயே இன்னொன்று வரும், கடைசியில் என் காதுவரை வந்துவிடும் என்கிற பயம்தான். பயத்தைப் பக்தி என்று சொன்னால் மரியாதை கூடுதலாகக் கிடைக்கிறது.

எப்படி ஒருத்தருக்கும் தெரியவில்லை என்று கேட்பீர்கள். கூடத்துக்கு வருகிறவர்கள் என் பக்கத்தைப் படிப்பதில்லை; கேட்டதை எதற்குப் படிக்க வேண்டும்? படிக்கிறவர்கள் கூடத்துக்கு வருவதில்லை. இரண்டு கூட்டமும் ஆளுக்கொரு போதகரோடு சந்தோஷமாக இருந்தது. நடுவில் ஒரே ஒரு ஆள்தான் ஆபத்து. என் மருமகள். மகன் வெளியூர் வேலை. அவள் எங்களோடு இருந்துகொண்டு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். ஒரு வாரம் ஞாயிறு ஷிஃப்ட், ஒரு வாரம் விடுமுறை. அதனால் ஒரு வாரம் படிப்பாள், ஒரு வாரம் கேட்பாள். ஒரு சொட்டு ரத்தத்தை வைத்து ஊர்ப்பட்ட குற்றங்களைக் கண்டுபிடிக்கிறவளுக்கு ஒரு பக்கம் போதாதா?

அவளை நான் கவனிக்க ஆரம்பித்தேன். சமையலறையில் எனக்குப் பின்னால் நின்று பேசினாளோ என்று திரும்பிப் பார்ப்பேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். கழுவிக்கொண்டே பேசினாளோ? ஒரு நாள் திரும்பினால் தரையில் ஒரு தட்டு கிடந்தது. கை தவறியதா, இல்லை நான் திடுக்கிடுகிறேனா என்று பார்க்கப் போட்டாளா? தாமதமாகத் திடுக்கிட்டு வைத்தேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். இன்னொன்றையும் கவனித்தேன்: என்னோடு பேச வேண்டுமென்றால் எங்கிருந்தாலும் நடந்து வந்து, எனக்கு முன்னால் நின்றுதான் பேசுகிறாள். போலீஸ்காரர்களும் அப்படித்தான் செய்வார்கள்.

கமிட்டி கூடியது. தலைவருக்குப் பூட்டு என்று பட்டப்பெயர். கூடத்துச் சாவியை இடுப்பிலிருந்து கழற்றியதே இல்லை. அவருக்கு மேலுதட்டை மூடிய மீசை வேறு. உதடு படிக்கிறவனுக்கு அந்த மீசை ஊரடங்கு உத்தரவு மாதிரி. நான் எழுந்து கால் மணி நேரம் பேசினேன். நம் சபையைத் தொடங்கியவரின் வார்த்தையை மெஷினுக்குள் அடைப்பதா என்றேன். இன்றைக்கு மைக், நாளைக்குப் போதகர் இடத்திலேயே ஒரு மெஷின் என்றேன். எனக்கே கண்ணீர் வந்தது. பூட்டு ஏதோ கேட்டார். நான் உறுதியாக, “ஆமாம், கடைசிவரை” என்றேன். எல்லோரும் தலையசைத்தார்கள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

வெளியே வந்ததும் மருமகள் முன்னால் வந்து நின்றாள்.

“தேங்க்ஸ் மாமா. நீங்க ஒத்துக்குவீங்கன்னு நான் நெனைக்கவே இல்ல.”

“எதுக்கு?”

“வர்ற ஞாயிறு ரெக்கார்டு பண்ணிட்டு, உங்க குறிப்பையும் பக்கத்துல வச்சுப் பார்ப்போம், ஒண்ணா இருந்தா மெஷின் எதுக்கு, நிறுத்திடலாம், சரியான்னு தலைவர் கேட்டாரே. நீங்கதானே ஆமான்னீங்க.”

நான் கம்பீரமாகச் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கு ஐந்து நாள் இருந்தது. வழி ஒன்றே ஒன்றுதான்: போதகர் என்ன பேசப் போகிறார் என்று முன்கூட்டியே அவர் வாயிலிருந்து பிடுங்குவது. எங்கள் போதகர் பிழைப்புக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். புதன்கிழமை மத்தியானம், படிக்கும்போது எழுத்து மங்குகிறது என்று சொல்லிக்கொண்டு போனேன்.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. அதுவே சரியில்லை. மைக் விஷயமாகத்தானே வந்தீங்க என்று கேட்டார். இல்லை, கண் விஷயமாக என்றேன். அவர் நம்பவில்லை. ஞாயிறு என்ன பேசப் போகிறீர்கள் என்று நான் கேட்டேன். எதற்குக் கேட்கிறீர்கள் என்றார். சும்மா என்றேன். பதினோரு வருஷமாகக் கேட்காத கேள்வியை இன்றைக்குச் சும்மா கேட்கிறீர்களா என்றார். பிறகு அவர் சலித்துப்போன மாதிரி என்னை உள்ளறைக்கு அழைத்துப் போய் நாற்காலியில் உட்கார வைத்தார். கனமான சட்டம் ஒன்றை என் மூக்கில் மாட்டி, கண்ணாடி வில்லைகளைச் சொருகினார். விளக்கை அணைத்தார்.

எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை மட்டும் வெளிச்சமாக இருந்தது. போதகர் என் பக்கத்தில் ஒரு நிழல். படிக்கச் சொல்லியிருப்பார் என்று நான் முதல் வரியைப் படித்தேன். வில்லையை மாற்றாமல் இருந்தார். சரிதான் போலிருக்கிறது என்று இரண்டாவது வரி படித்தேன். மூன்றாவது வரியில் ஒரு எழுத்து தடுமாறியது. நின்று, யோசித்து, கண்டுபிடித்துச் சொன்னேன். நான்காவது வரியில் இருக்கும்போது விளக்கு வந்தது.

போதகர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். தன் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். முகம் முழுக்க நனைந்திருந்தது.

“இவ்வளவு சொல்றேன். நீங்க எழுத்துப் படிச்சுக்கிட்டு இருக்கீங்க.”

நான் சட்டத்தைக் கழற்றினேன். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். கிண்டலா என்றார். இல்லை என்றேன். அந்த முகத்துக்கு முன்னால் எனக்குப் பொய் ஒன்றும் ஓடவில்லை.

“ஐயா, எனக்குக் காது கேக்காது. விளக்கு போயிட்டா சுத்தமா ஒண்ணும் தெரியாது. ஆறு வருஷமாச்சு.”

அவர் என் காதைப் பார்த்தார். பிறகு என் வாயைப் பார்த்தார். ஆறு வருஷம் என்பதை மட்டும் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். அப்படியானால் அந்தப் பக்கங்கள் என்று ஆரம்பித்தார். அதெல்லாம் நானாக எழுதியது என்றேன்.

அவர் இருட்டில் சொன்னதை வெளிச்சத்தில் மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று. ஒவ்வொரு ஞாயிறும் சாயங்காலம் என் பக்கம் வரும். படித்தால், தான் பேசியதாக ஒரு வரிகூட அவருக்கு ஞாபகம் இருக்காது. கையில் காகிதம் கிடையாது, சரிபார்க்க வழியில்லை. காலையில் பேசியது மாலையில் மறந்துபோகிறது, மூளை கலங்கிக்கொண்டு வருகிறது என்று முடிவு கட்டிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மேடையிலிருந்து இறக்கிவிடுவார்களே. அதனால் வாய் திறக்காமல் கையெழுத்துப் போட்டார். இப்போது ரெக்கார்டு வந்தால் வெளியே தெரிந்துவிடும் என்று, சனிக்கிழமையே விலகல் கடிதம் கொடுக்க எழுதி வைத்திருந்தார். அதைச் சொல்லத்தான் விளக்கை அணைத்திருக்கிறார்.

“தினம் காலையில எழுந்ததும் பேரப்பிள்ளைங்க பேரை வரிசையாச் சொல்லிப் பார்ப்பேன்யா,” என்றார். “ஏழு பேர். ஒரு நாள்கூடத் தப்பினதில்ல. அது எப்படி இது மட்டும் மறக்குதுன்னு புரியாம தவிச்சேன்.”

என்னால் தலைநிமிர முடியவில்லை. நான் ஏதோ காகிதத்தில் கைவேலை செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சுத்தியல் ஆறு வருஷமாக ஒரு மனிதரின் மண்டையில் விழுந்துகொண்டிருந்திருக்கிறது.

“அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?” என்று கேட்டார்.

“உங்களுக்கு ஒண்ணும் இல்ல ஐயா. எனக்குத்தான்.”

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே கோபமாகத் திரும்பியது. பொறுமையைப் பற்றிய பக்கத்தைப் படித்துவிட்டு, தானே சொன்னதாக நினைத்து, தங்கை வீட்டுக்காரனை நேரில் போய்க் கண்டித்தாராம். அன்றையிலிருந்து அவன் பேசுவதில்லை, தங்கை மட்டும் இப்போது கொஞ்சம் சிரிக்கிறாளாம். அப்படியென்றால் நான் என்னதான் பேசினேன், அதில் ஒன்றுமே உங்களுக்கு வேண்டியிருக்கவில்லையா என்று கேட்டார். எனக்குக் கேட்கவில்லை ஐயா, கேட்டிருந்தால் எழுதியிருப்பேன் என்றேன். அது ஆறுதலா அவமானமா என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

பூட்டிடம் நானே போய்ச் சொல்லி விலகிவிடுகிறேன் என்றேன். அவர் தலையாட்டினார். ஆனால் வாசல்வரை வந்து, வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்று நான் கேட்பதற்குள் கடைக்குள் போய்விட்டார். அந்த நான்கு நாளும் எனக்கு ஒரே யோசனை. ஆறு வருஷம் தன்னைப் பைத்தியமாக்கியவனை ஒரு மனிதர் எப்படிப் பார்த்துக்கொள்வார்? நானாக இருந்தால் நன்றாகவே பார்த்துக்கொள்வேன்.

ஞாயிறு வந்தது. மேடையில் மைக், கம்பியில் குத்திய கத்தரிக்காய் மாதிரி நின்றது. பக்கத்தில் சின்னதாக ஒரு ரெக்கார்டர், அதில் சிவப்புப் புள்ளி. என் வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்தேன். போதகர் எழுந்து பேச ஆரம்பித்தார். வழக்கமாக ஒரு கையைத்தான் ஆட்டுவார்; அன்றைக்கு இரண்டு கையும் ஆடின. பத்து நிமிஷம் போயிருக்கும். முன்வரிசையில் ஒரு தலை திரும்பி என்னைப் பார்த்தது. அப்புறம் நாலு தலை. அப்புறம் காற்றில் வயல் சாய்கிற மாதிரி கூடம் முழுக்கத் திரும்பியது.

அந்த மாதிரி நேரத்தில் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சிரித்தேன். ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், உடனே சிரிப்பை நிறுத்தினேன். பின்னால் யாரோ சிரித்தார்கள், மறுபடி சிரித்தேன். பூட்டு எழுந்து நின்று மீசைக்குள் ஏதோ சொன்னார், போதகர் பதில் சொன்னார், பூட்டு உட்கார்ந்தார். என் பெஞ்சிலேயே ஒருவர் என்னைவிட்டு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தார். உதவிக்கு மனைவியைத் தேடினேன். தூணோரமாக நிம்மதியாக இருந்தாள்.

முடிவு ஜெபத்துக்கு எல்லோரும் கண் மூடியதும் பக்கவாட்டுக் கதவு வழியாக நழுவினேன். நேராகப் பட்டறைக்குப் போய், யாரும் கேட்காத ஒரு தபால் பெட்டியை அடிக்க ஆரம்பித்தேன்.

இரண்டு மணி வாக்கில் ஒரு நிழல் விழுந்தது. மருமகள் சுற்றி வந்து எனக்கு முன்னால் நின்றாள். கையில் ஒரு தாள். ரெக்கார்டைக் கேட்டு அவளே டைப் அடித்திருந்தாள்.

“முதல்ல ஒண்ணு சொல்லு,” என்றேன். “எனக்குக் காது கேக்காதுன்னு உனக்கு எப்பத் தெரியும்?”

“கல்யாணமாகி வந்த ரெண்டாவது மாசமே தெரியும். அதனாலதானே முன்னால வந்து நிக்கறேன்.”

“அப்புறம் எதுக்கு இந்த மைக்? என்னைப் பிடிக்கத்தானே?”

“உங்களை இல்ல மாமா, போதகரை. அவர்தான் உங்களுக்குத் தனியா எழுதிக் குடுக்கறார்னு நெனச்சேன். கூடத்துல பயந்து பயந்து பழசையே பேசறார், மனசுல இருக்கறதைக் காகிதத்துல சொல்றார், அதை மைக்ல சொல்ல வைக்கணும்னுதான் கடிதம் குடுத்தேன்.” தாளை என் பக்கம் நீட்டினாள். “அந்தக் காகிதம் இல்லாட்டி நான் எப்பவோ இந்தச் சபைக்கு வர்றதை நிறுத்தியிருப்பேன்.”

என்னால் அவள் உதட்டைத் தொடர்ந்து பார்க்க முடியவில்லை. தாளை வாங்கிப் படித்தேன்.

போதகர் ஒளிவுமறைவில்லாமல் பேசியிருந்தார். பேனா கூடாது என்று நம் சபையைத் தொடங்கியவர் ஏன் சொன்னார் தெரியுமா என்று ஆரம்பித்திருந்தார். அவர் காலத்தில் எழுதத் தெரிந்தவர்கள் நாலு பேர். அந்த நாலு பேர் கையில் சொல் சிக்கிக்கொள்ளக் கூடாது என்றுதான் அந்தச் சட்டம். நாம் சட்டத்தைக் காப்பாற்றினோம், காரணத்தைத் தொலைத்தோம். கடைசியில் சொல் ஒரே ஒருவர் கையில் சிக்கியது, அவருக்கோ காது கேட்காது. அடுத்து, ஆறு வருஷமாகத் தன் பெயரில் வந்தது தன் பேச்சே இல்லை என்று சொல்லியிருந்தார். ‘அவர் பயந்து எழுதினார், நான் பயந்து கையெழுத்துப் போட்டேன். பாவத்தில் பாதி எனக்கு.’ சந்தேகத்தைப் பற்றிய பக்கத்தைத் தன்னால் ஏற்க முடியாது, அவ்வளவு சுலபமாக நாற்காலி போட முடியாது என்று மறுத்திருந்தார். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம். பொறுமையைப் பற்றியதை மட்டும் இனி தன் வாயாலேயே சொல்வதாகச் சொல்லியிருந்தார்.

கடைசிப் பத்திக்கு வந்தேன். குறிப்பாளர் இனிமேல் குறிப்பு எழுதக் கூடாது, ரெக்கார்டு போதும் என்று இருந்தது. அது நியாயம்தான். அடுத்த வரி: ‘மாதத்தில் ஒரு ஞாயிறு அவரே மேடையேறி, தன் பெயரில், தனக்குத் தோன்றியதைப் பேசட்டும். தவறென்றால் நேருக்கு நேர் நின்று சொல்வோம்.’

இரண்டு தடவை படித்தேன். நெஞ்சில் பழைய சந்தேகப் பூச்சி ஊர்ந்தது. இது அப்படியே நான் எழுதக்கூடிய வரி. என்ன பேசியிருந்தால் நன்றாக இருக்கும் என்று ராகம் போட்டு எழுதுகிறவனுக்கு அந்த ராகம் தெரியாதா? மருமகளை ஏறிட்டுப் பார்த்தேன். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. போதகரின் கையெழுத்துக்காகப் பக்கத்தை நீட்டும்போதெல்லாம் என் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

“இந்தக் கடைசி வரி மட்டும் அவர் பேச்சு மாதிரி இல்லையேம்மா.”

“அவர் பேச்சைக் கேட்டு உங்களுக்கு ஆறு வருஷம் ஆச்சு மாமா.”

ரெக்கார்டு இருக்கிறது, வேண்டுமானால் போட்டுக் காட்டுகிறேன் என்று பையைத் திறக்கப் போனாள். அப்புறம் அவளுக்கே அது அபத்தமாகத் தோன்றியிருக்க வேண்டும். கையை வெளியே எடுத்துவிட்டாள். மனைவியைக் கேட்டுப் பயனில்லை. பூட்டைக் கேட்டால் மீசை பதில் சொல்லும். போதகரிடமே போய், இதை நிஜமாகச் சொன்னீர்களா என்று கேட்கிற யோக்கியதை இந்த உலகத்தில் எவனுக்கு இருந்தாலும் எனக்கு இல்லை.

சுத்தியலைக் கீழே வைத்தேன். தாளில் எண்ணெய்க் கறை படாமல் ஓரத்தைப் பிடித்து நாலாக மடித்தேன்.

“எத்தனை நிமிஷம் பேசணுமாம்?” என்று கேட்டேன்.